குறையும்போது கூடுவது ஏன்?

கேள்வி: தைராய்டு சுரப்பு குறைந்தவரின் இரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். பெரும்பாலும் கூடியிருப்பது ஏன்?

பதில்: டி.எஸ்.எச். தைராய்டில் சுரப்பதன்று, மூளையின் அடியில் அரை கிராம் அளவே எடையுள்ள பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டைத் தூண்டுவதற்காக இரத்தத்தில் அனுப்பும் ஹார்மோன் அது. முதல் குரலுக்கு வராதவரை உரக்கக் கூப்பிடுவதுபோல, தைராய்டு சுரக்கும் ஹார்மோனான தைராக்சின் குறைந்தால் பிட்யூட்டரி டி.எஸ்.எச். அளவைக் கூட்டுகிறது, தைராக்சின் போதிய அளவை எட்டியதும், அதுவே பிட்யூட்டரியையும் அதற்கு மேலிருந்து ஆணையிடும் ஹைப்போதலாமசையும் அடக்கிவிடுகிறது. விளைவே தன் காரணத்தைக் கட்டுப்படுத்தும் இந்த அருமையான ஏற்பாட்டுக்கு எதிர்மறைப் பின்னூட்டம் என்று பெயர். இரத்தத்திலுள்ள தைராக்சின் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 7 நாள் ஆவதாலும், பிட்யூட்டரி சமநிலைக்குத் திரும்ப மேலும் காலம் பிடிப்பதாலும், தைராக்சின் மாத்திரையின் அளவை மாற்றியபின் சுமார் 6 வாரம் கழித்தே மறுபரிசோதனை செய்யப்படுகிறது. அதுவரை நோயாளிகள் பொறுத்திருக்க வேண்டும்.