மூணு சம்பந்தி

ஏலே பேராண்டி, சாப்ட்வேர் முடிஞ்சிட்டுன்னு லட்டு டப்பாவோட வந்திருக்க. ஒண்ணு எடுத்துக்கிடுதேன். ஆனா முடிஞ்சது உன் லேப்டாப்புல மட்டுந்தானல?

திண்ணையில உக்காந்து, நீ போன்ல கத்துததைக் கேட்டே எனக்குப் பாதி தொழில் வந்திட்டு. அந்தப் பாதியைத்தான் சொல்லுதேன், கோவப்படாத.

விண்டோஸு, மேக்கு, லினக்ஸுன்னு மூணு எடத்துல சம்பந்தம் பேசியிருக்க. சீர்ல கொறை வரப்படாதுன்னு எலக்ட்ரான்ல கட்டி, ஒரு கால்குலேட்டருக்குள்ள முழு குரோமியம் பிரவுசரையும் வச்சு அனுப்புத. தாராள மனசுதான்.

மேக்காரவுக வாசல்லயே மறிப்பாக. வருஷத்துக்கு 99 டாலர் கட்டி, கையெழுத்துப் போட்டு, ஆப்பிளுக்கே அனுப்பி நோட்டரைஸ் பண்ணணும். 2019-ல கேட்டலினா வந்ததுலருந்து இந்தக் கெடுபிடி. அது இல்லாம எறக்குனா, நேரா குப்பைத் தொட்டியைக் காட்டும்.

விண்டோஸு கொஞ்சம் நாசூக்கு. கையெழுத்தில்லாத சரக்கைத் தொறந்தா, 'உங்க கம்ப்யூட்டரைக் காப்பாத்திட்டோம்'னு நீலப் பலகை வைக்கும். யாருகிட்டருந்து? உன்கிட்டருந்துதான்! 'மேலும் தகவல்'ங்கிற பொடி எழுத்தைத் தொட்டாத்தான் 'பரவால்ல, ஓட்டு'ங்கிற பொத்தானே கண்ணுல படும். உங்க அத்தை அதைத் தேடுவாளா, உன்னை வைவாளா?

லினக்ஸுல பங்காளிச் சண்டை. டெபியன் வகையறா டெப் கேக்கும், ரெட்ஹேட் வகையறா ஆர்பிஎம் கேக்கும். சண்டை தீரட்டும்னு ஸ்னாப், பிளாட்பேக், ஆப்இமேஜ்னு மூணு கொண்டாந்தாக. இப்ப அந்த மூணுல எது ஒசத்தின்னு சண்டை.

அன்னைக்கு ராத்திரி நீ தலையில கைவச்சு உக்காந்திருந்தியே, அது என்னன்னு எனக்குத் தெரியும். புது உபுண்டு 22.04-ல கட்டுன. வாங்குனவன்கிட்ட இருந்தது 20.04. அவன்கிட்ட ஜிலிப்சிங்கிற அடிப்படை லைப்ரரி 2.31, உன் சரக்கு 2.34 கேட்டு அடம்பிடிச்சுது. பழசுல கட்டுனா புதுசுல ஓடும். புதுசுல கட்டுனா பழசு சீந்தாது. பைத்தான்காரவுக இதுக்குன்னே மெனிலினக்ஸ் 2014-ன்னு வச்சு, ஜிலிப்சி 2.17 இருக்க சென்ட்ஓஎஸ் 7-ல கட்டுனாக. வெவரம் தெரிஞ்ச பயலுவ. நீ என்னடான்னா, அப்டேட் வந்த அன்னைக்கே போட்டுட்டு மீசையை முறுக்குத.

இன்னொண்ணு. படத்துக்குப் பெரிய எல் போட்டு 'லோகோ'ன்னு பேர் வச்சு, கோட்ல சின்ன எல் போட்டு எழுதியிருக்க. விண்டோஸு கண்டுக்காம விட்டுரும். மேக்கும் சாதாரணமா கேக்காது. லினக்ஸுக்கு அது ரெண்டும் வேற வேற ஆளு. படம் வராது.

யூசர் பேர்ல 'முத்து லட்சுமி'ன்னு தமிழ்ல, நடுவுல எடம் விட்டு வச்சிருக்க கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தியா? பாத்திருக்க மாட்ட. உன் யூசர் பேரு 'டெவ்' தான?

அழிக்கும்போதும் மிச்சம் வைக்காத. டெபியன்லயே 'ரிமூவ்'னா செட்டிங் ஃபைல் கெடக்கும், 'பர்ஜ்'னாத்தான் அதுவும் போகும். உன் அன்இன்ஸ்டாலர் ஐகானை மட்டும் எடுத்துட்டு நகந்துருது.

கிழவன் சொல்லுததைக் கேளு. டெவலப்பர் சாமான் ஒண்ணுமே ஏத்தாத பழைய கம்ப்யூட்டர் மூணு வகைக்கும் ஒண்ணு பிடி. மூணுலயும் போடு, ஓட்டு, அழி. அதுக்கப்புறம் வாட்ஸாப்புல 'ரிலீஸ்'னு போடு. அதுவரை மிச்ச லட்டு என்கிட்ட இருக்கட்டும்.