சும்மா பேசிக் யூஸ்தான்!

எல்லாக் குடும்பத்திலும் இப்படி ஒரு சித்தப்பா உண்டு. ரிடையர் ஆன மறுமாதமே காசி, கயா என்று மூட்டை கட்டுகிறவர். "ஊருக்குப் போறப்ப கையில ஒரு லேப்டாப் வேணும்டா. பழசு போதும். சும்மா பேசிக் யூஸ்தான்" என்பார். டிக்கெட் போட, போட்டோ ஏற்றி வைக்க, லாட்ஜில் எம்.ஜி.ஆர். படம் பார்க்க. காபி ஆறுவதற்குள் பேத்தியோடு வீடியோவில் பேச, வருமான வரி கட்ட, குலதெய்வக் கோயில் கணக்கெழுத என்று அந்த பேசிக் வளர்ந்துவிடும்.

ரிச்சி தெருவுக்கு யூடியூப் பார்த்துத் தேறிய பிறகுதான் வருவார். "எத்தனாவது ஜெனரேஷன்?" என்பதுதான் முதல் கேள்வி. கேள்வியில் நியாயம் இருக்கிறது. இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழே என்றால் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. விண்டோஸ் 10-க்கோ 2025 அக்டோபரோடு மைக்ரோசாஃப்ட் கையை விரித்துவிட்டது. பெண்ணுக்கு வரன் பார்த்தபோது மாப்பிள்ளையின் தாத்தாவைத் தாண்டி விசாரிக்காதவர் இவர்.

கடைப் பையன் ஒரு திங்க்பேட் டி480-ஐ எடுத்து வைப்பான். "ஐடி கம்பெனி பீஸ் சார். ஏசி ரூமை விட்டு வெளிய வந்ததே இல்ல." கம்பெனி ஸ்டிக்கரைச் சுரண்டிய இடம் இன்னும் பிசுபிசுக்கும். சித்தப்பா மூடியைத் திறந்து மூடி, மறுபடி திறந்து, கீல் முனகுகிறதா என்று காதைக் கொடுப்பார். பிறகு நோட்பேடைத் திறந்து நிமிர்ந்து உட்கார்ந்து, அந்தக்கால இன்ஸ்டிடியூட் பாடத்தை அடிப்பார்: ஏ எஸ் டி எஃப் ஜி எஃப். டைப்ரைட்டிங் ஹையர், ஃபர்ஸ்ட் கிளாஸ். வரி முடிந்ததும் இடது கை தானாக உயர்ந்து, இல்லாத கேரியேஜைத் தள்ளும்.

"தம்பி, செமிகோலன் அழுந்தலையே?"

"அதை யாரு சார் யூஸ் பண்றா?"

"வலது கைக்குப் பாடம் ஆரம்பிக்கிறதே அதுலதாம்பா!"

அடுத்தது பேட்டரி. "மூணு மணி நேரம் நிக்கும் சார்" என்பான் பையன். சித்தப்பா சட்டைப்பையிலிருந்து துண்டுச்சீட்டை எடுத்து, கறுப்புத் திரையில் 'பவர்சிஎஃப்ஜி /பேட்டரிரிப்போர்ட்' என்று ஒவ்வோர் எழுத்தாகத் தட்டுவார். பிறந்தபோது இருந்த கொள்ளளவு, இப்போது மிச்சமுள்ளது இரண்டும் வந்து நிற்கும். பையன் தெருவை வேடிக்கை பார்ப்பான். ரயிலில் இரவு 11 முதல் காலை 5 வரை சார்ஜிங் பாயிண்டை அணைத்துவிடுகிறார்கள், அந்த ஆறு மணி நேரம் பேட்டரி தாங்கியாக வேண்டும் என்பது சித்தப்பாவின் கட்சி. ஒன்பதரைக்கே லோயர் பெர்த்தில் குறட்டை விடுகிறவருக்கு அதனால் என்ன என்று சித்திகூடக் கேட்டதில்லை.

விலை பேசுவதை விட்டுவிடுகிறேன். அதற்குத் தனி இதழ் வேண்டும். பத்தொன்பதாயிரத்தில் முடியும். பையையும் மவுஸையும் இலவசமாகக் கறந்துகொண்டுதான் கடைப்படி இறங்குவார்.

கங்கா காவேரி எக்ஸ்பிரஸ் கூடூர் தாண்டியதும் லேப்டாப் மடிக்கு வரும். எதிர் சீட்டுக்காரர் எட்டிப் பார்த்தால் போதும்.

"செகண்ட்ஹேண்ட்தான் சார். என்ன விலைக்கு வாங்கியிருப்பேன், சொல்லுங்க பார்ப்போம்!"

"டி480-ங்களா? பதினாலு?"

சித்தி பூரிப் பொட்டலத்தைப் பிரித்தபடி, "சொல்லுங்க, கேக்கறாரில்ல" என்பாள்.

சித்தப்பா மூடியைச் சாத்துவார். "சார்ஜ் வீணாப் போகுது." மணி எட்டுதான் ஆகியிருக்கும், வயர் பிளக்கில்தான் இருக்கும்.