புதுசுன்னா எது பேராண்டி?

வா பேராண்டி, உக்காரு. பேட்ச் ஃபைல் எழுதப் போறியாமே? ஃபோல்டர்ல இருக்கிறதுலயே புதுசைப் பிடிச்சு பென் டிரைவ்ல போட்டுரும், இனி ராத்திரி கடையில காத்துக் கெடக்க வேணாம்னு பழங்காநத்தம் ரவுண்டானா வரைக்கும் பீத்திக்கிட்டுத் திரியிறியாம். மாடு மேய்ச்ச பயலுக்கு என்ன தெரியும்? இருந்தாலும் கேக்குறேன், புதுசுன்னா எது?

1999ல மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு வர்றதுக்கு முந்தி இங்கன பழங்காநத்தத்துலதான் பஸ் ஸ்டாண்டு. திருநெல்வேலி, நாகர்கோயில் வண்டியெல்லாம் இங்கிட்டு நிக்கும். ‘புது வண்டி எதுண்ணே’ன்னு கேட்டா, பெயிண்டு காயாத வண்டியைக் காட்டுவான் ஒருத்தன், இப்பத்தான் உள்ள வந்து நின்ன ஓட்டை வண்டியைக் காட்டுவான் இன்னொருத்தன். ஃபைலுக்கும் அதே வம்புதான். உண்டான நேரம் ஒண்ணு, கடைசியா எழுதுன நேரம் ஒண்ணு.

ஃபைலையெல்லாம் வரிசையாக் காட்டுற டிர்ங்கிற கட்டளை 1981ல டாஸோட வந்த கிழம். ஸ்லாஷ் ஓ மைனஸ் டி போட்டா புதுசை மேல கொண்டாரும். நீ வேற ஒண்ணும் சொல்லலேன்னா எழுதுன நேரத்தைத்தான் பாக்கும். ஒரு பழைய ஃபைலைக் காப்பி அடிச்சுப் பாரேன்: பொறந்தது இன்னைக்கு, எழுதுனது போன மாசம்னு காட்டும். அந்தச் சாதகத்தை எந்த ஜோசியன்கிட்டடா கொண்டு போவ?

சரி, டிர் காட்டுற வரிசையை ஒவ்வொண்ணா எடுத்துக் குடுக்கிற ஃபார் ஸ்லாஷ் எஃப்புக்கு வா. மேல நிக்கிற மொதப் பேரைக் காப்பி பண்ணுன கையோட கோட்டூ போட்டு வெளிய வந்துரணும். மறந்தேன்னா ஃபோல்டர்ல உள்ளது அத்தனையும் பென் டிரைவுக்குக் குடிபோயிரும். ஃபாரோட வேரியபிளுக்கு முன்னாடி, பேட்ச் ஃபைல்ல எழுதுனா சதவீதக் குறி ரெண்டு, கறுப்பு ஸ்கிரீன்ல நேரா தட்டுனா ஒண்ணு. டெலிம்ஸ் ஈக்வல் போடாம விட்டியோ, ‘ஜனவரி கணக்கு’ங்கிற ஃபைல்ல ஜனவரிதான் கைக்கு வரும், கணக்கு வராது.

ஃபோல்டரு நடுவுல சிக்கிரக் கூடாதுன்னு ஸ்லாஷ் ஏ மைனஸ் டி போடுவ. அங்கதான்டா சூச்சுமம். அதைப் போட்ட ஒடனே ஒளிஞ்சு கெடக்கிறதெல்லாம் எந்திரிச்சு வரும். ஒங்க முதலாளி எக்செல்ல கணக்கைத் திறந்தாரு, சேவ் பண்ணல, அப்படியே போட்டுட்டு டீக்கடைக்குப் போயிட்டாரு. அந்தக் கணக்குக்குப் பக்கத்துலயே, பேரு முன்னாடி டில்டாவும் டாலரும் ஒட்டிக்கிட்டு ஒரு குட்டி ஃபைல் பதுங்கி உக்காந்திருக்கும். அந்த நேரத்துல ஃபோல்டர்லயே அதுதான் புதுசு! ஒன் ஸ்கிரிப்ட் கணக்கை விட்டுட்டு அதுக்குப் பின்னாடி ஓடும். மைனஸ் ஹெச்சையும் சேத்துக்க, ஒளிஞ்சது ஒளிஞ்சபடி கெடக்கட்டும்.

இன்னைக்குக் காப்பிக்கு முன்னாடி எக்கோ போட்டு ஓட்டு. எதையும் தொடாது, எதைப் பிடிக்கப் போகுதுன்னு மட்டும் காட்டும். பேரு சரியா வந்தா எக்கோவை எடு. தப்பா வந்தா, நான் சொல்லிக் குடுத்தேன்னு மட்டும் முதலாளிகிட்ட ஒளறிராத. அவரு எனக்கு ரெண்டு மாச வாடகை தரணும்.