கடிவாளம் யார் கையில்?

கே: ஸ்காட்லாந்துக்குத் தனி அரசாங்கமாம். லண்டன் நினைத்தால் கவிழ்த்துவிடலாம்தானே?

ப: கவிழ்ப்பதற்கு உள்ளூரிலேயே ஆள் இருக்கும்போது லண்டன் எதற்கு? எடின்பரோ நாடாளுமன்றத்தில் 129 உறுப்பினர்கள். 73 பேர் தொகுதியில் ஜெயித்தவர்கள், மிச்சம் 56 பேர் பட்டியல் வழியே வருபவர்கள். இந்த ஏற்பாட்டில் தனிப் பெரும்பான்மை அபூர்வம். 2021-இல் ஸ்காட்டிஷ் தேசியக் கட்சிக்குக் கிடைத்தது 64; ஒன்றே ஒன்று குறைச்சல்! பசுமைக் கட்சியோடு கைகோத்தார்கள். 2024 ஏப்ரல் 25 அன்று முதல் அமைச்சர் ஹம்சா யூசஃப் அந்த உறவை முறித்தார். கோபித்துக்கொண்ட பசுமைக் கட்சி எதிரணியோடு சேர்ந்து ஓட்டுப்போடக் கிளம்ப, நாலே நாளில் ராஜினாமாவை அறிவித்தார். அரசின் மீது நம்பிக்கையில்லை என்று அவை தீர்மானித்தால் அமைச்சர்கள் விலகியே தீரவேண்டும் என்பது 1998-ஆம் ஆண்டுச் சட்டம்.

‘2023-இல் பாலின அங்கீகார மசோதாவை லண்டன் தடுத்ததே?’ என்பீர்கள். வாஸ்தவம். அதே 1998 சட்டத்தின் 35-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது, ஆனால் அது மசோதாவுக்குத்தான் பூட்டு, அமைச்சரவைக்கு அல்ல. மசோதா கிடப்பில் போனது, அதைக் கொண்டுவந்த கட்சியின் ஆட்சி அதனால் கவிழவில்லை.