டவர் போனாலும் வழி தெரியும்

கேள்வி: கொல்லிமலைக்கு பைக்கில் கிளம்புகிறேன். மேலே டவர் கிடைக்காது என்கிறார்கள். போனில் மேப் வேலை செய்யுமா?

பதில்: செய்யும். 70 கொண்டை ஊசி வளைவுகளில் டவர் காணாமல் போனாலும், சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் லீவு போடுவதில்லை! அவற்றில் நான்கின் சிக்னல் கிடைத்தால் போதும், இருக்கும் இடத்தை போனே கணக்குப் போட்டுவிடும். அதற்கு நெட் வேண்டாம், ரீசார்ஜும் வேண்டாம்.

நெட் தேவைப்படுவது வரைபடத்துக்குத்தான். முன்கூட்டியே டவுன்லோடு செய்யாதவர் திரையில் சாலையே இருக்காது. நீலப் புள்ளி மட்டும் மினுக்கும்.

அமெரிக்க ராணுவத்தின் ஏற்பாடான இந்த ஜி.பி.எஸ்., பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே புகுத்திய பிழையை 2000 மே மாதம் நீக்கிய பிறகுதான் சாலைப் பயணத்துக்கு நன்றாகக் கைகொடுத்தது.

வீட்டிலேயே மேப்பை இறக்கிக்கொள்ளுங்கள். வளைவுகளில் போன் பாக்கெட்டிலேயே இருக்கட்டும். இறங்கும்போது, ஏறிவரும் வண்டிக்கு வழிவிடுங்கள்.