அலுப்புக்காரர்

“வாக்கிங் நல்லதுதான் சார், இல்லேங்கல. ஆனா செம போர்.” இப்படிச் சொல்கிற ஒருவர் எல்லாத் தெருவிலும் உண்டு. வயது ஐம்பதை ஒட்டி. சர்க்கரை ‘பார்டர்ல’ இருக்கிறது. “ஏதாவது ஒண்ணு பண்ணுங்க” என்று டாக்டர் சொல்லி இரண்டு வருடம் ஆகிறது. அந்த ஏதாவது ஒன்று எது என்ற ஆராய்ச்சி இன்னும் முடிந்தபாடில்லை. வீட்டில் இவரைச் சோம்பேறி என்பார்கள். அது அபாண்டம். சோம்பேறி எதையும் ஆரம்பிப்பதில்லை; இவர் ஆரம்பிக்காதது எதுவுமில்லை. பரணில் ஸ்கிப்பிங் கயிறு இருக்கிறது. சுருட்டிய யோகா மேட் பீரோவுக்குப் பின்னால். டம்பெல் ஜோடியில் ஒன்று, பால்கனிக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் முட்டுக் கொடுக்கிறது. மற்றதைக் கொலுப் பலகை நகராமலிருக்க வருடத்துக்கு ஒருமுறை தேடுவார்கள். ஜனவரி முதல் தேதி ஜிம்முக்கு வருடச் சந்தா கட்டினார், பிப்ரவரி பிறப்பதற்குள் நின்றுவிட்டார். எதைப் பற்றிக் கேட்டாலும் காரணம் ஒன்றுதான்: போரடிக்கிறது.

இதை நாம் சாக்கு என்று தள்ளிவிடுகிறோம். ஆனால் அவரை உட்காரவைத்து (அதற்கு அவர் எப்போதும் தயார்) எது எவ்வளவு போர் என்று வரிசைப்படுத்தச் சொன்னால் ஒரு ஒழுங்கு புலப்படும். முதலிடம் டிரெட்மில்லுக்கு. அடுத்தது நின்ற இடத்திலேயே மிதிக்கிற சைக்கிள். மூன்றாவது, மொட்டைமாடியில் மஞ்சள் பெயிண்டால் எட்டுப் போட்டு அதன்மேல் நடப்பது. சித்தர்கள் அருளியது என்று வாட்ஸ்அப் சத்தியம் செய்தாலும், பத்தாவது எட்டில் அவருக்கு ஞானம் வருவதற்குள் கீழேயிருந்து காபி வாசனை வந்துவிடுகிறது. பிறகு தனியாக நடப்பது. யோகாவில் ஆசனங்களைப் பற்றி அவருக்குக் குறையில்லை. “மூச்சைக் கவனியுங்கள்” என்பார்களே, அதுதான் சிக்கல். கவனித்துப் பார்த்தார், அதில் புதிதாக ஒன்றும் நடக்கவில்லை. பட்டியலின் கடைசியில், போரே அடிக்காதது என்று அவர் ஒப்புக்கொள்வது ஷட்டில். இந்த வரிசைக்கும் வியர்வைக்கும் சம்பந்தமே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆளைப் பிழிந்தெடுக்கிற ஷட்டில் கடைசியில் இருக்கிறது, நெற்றிகூட நனையாத எட்டு நடை மூன்றாமிடத்தில் இருக்கிறது. சோம்பேறி போட்ட பட்டியல் என்றால் நேர்மாறாக அல்லவா இருக்க வேண்டும்? ஆகவே என் கட்சி இது: அலுப்பு உடம்பு அசைவதால் வருவதில்லை. பேச்சுத்துணையையும், போய்ச்சேர ஓர் இடத்தையும் பிடுங்கிக்கொண்டு, மிச்சமிருக்கும் அசைவை மட்டும் செய் என்று சொல்லும்போது வருகிறது. அலுப்புக்காரர் அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறார், அவ்வளவுதான்.

டிரெட்மில்லுக்கு முதலிடம் கொடுத்ததற்குச் சரித்திரமே அவர் பக்கம் சாட்சி சொல்லும். 1818-இல் வில்லியம் கியூபிட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் சிறைக் கைதிகளுக்காக வடிவமைத்த இயந்திரத்தின் பெயர் அது. பெரிய உருளை, அதைச் சுற்றிப் படிகள். கைதி ஏற ஏறப் படி இறங்கிக்கொண்டே இருக்கும்; நாள் முழுக்க ஏறினாலும் நின்ற இடத்தில்தான் நிற்பான். 1821-இல் லண்டன் பிரிக்ஸ்டன் சிறையில் நிறுவினார்கள். பிறகு பல சிறைகளில், பக்கத்தில் ஏறுகிறவன் முகம் தெரியக்கூடாது என்று நடுவில் பலகைத் தடுப்பும் அடித்தார்கள். சில இடங்களில் அது மாவரைத்தது, சில இடங்களில் காற்றைத் தவிர எதையும் அரைக்கவில்லை. 1824-இல் நியூயார்க்கில் ஜேம்ஸ் ஹார்டி என்பவர் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதி, கைதிகளை நடுங்கவைப்பது இதன் கடுமை அல்ல, மாறாத அந்த ஒரே சீர்தான் என்று பாராட்டியிருக்கிறார். பிரிட்டன் 1898-இல் சட்டம் கொண்டுவந்து இந்தத் தண்டனையை ஒழித்தது. இப்போது அதன் பெயரைத் தாங்கிய சாதனம் மாதத் தவணையில் வீட்டுக்கே வந்து இறங்குகிறது, பலகைத் தடுப்புக்குப் பதில் எதிரே ஒரு சுவர்.

அலுப்புக்காரர் அதில் ஏறியிருப்பதைப் பார்க்க வேண்டும். முதல் நிமிடம் கம்பீரம். இரண்டாவது நிமிடத்தில் பார்வை கீழே இறங்கி, சிவப்பு எண்களில் நின்றுவிடும். பார்த்தால் நேரம் நகராது என்ற ஞானோதயத்தில், கழுத்திலிருக்கும் துண்டை எடுத்துத் திரையை மூடுவார். எதிர்ச் சுவரில் காலண்டர். அதில் ராகு காலம், எமகண்டம், சந்திராஷ்டமம் எல்லாவற்றையும் படித்துவிட்டு, எப்படியும் ஐந்து நிமிடம் ஓடியிருக்கும் என்று நம்பித் துண்டை விலக்குவார். நாற்பது விநாடி ஆகியிருக்கும். இதே மனிதரை ஆஸ்பத்திரியில் ‘டிஎம்டி’ பரிசோதனைக்கு ஏற்றிவிடுங்கள். அதே ஓடும் பட்டைதான். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை சரிவும் வேகமும் கூடும், நெஞ்சில் ஒயர்கள், பக்கத்துத் திரையில் துள்ளும் கோடுகள், அதைப் பார்த்து டெக்னீஷியன் லேசாகப் புருவத்தை உயர்த்துகிறாரா இல்லையா என்ற கவலை. போரடிக்கிறது என்று அங்கே யாரும் இறங்கிப் போவதில்லை. முடிவு என்று ஒன்று இருக்கிறது, அதைப் பார்த்துச் சொல்ல ஓர் ஆளும் இருக்கிறார்.

“மனக்கட்டுப்பாடு இல்லாதவன் எதையாவது சொல்லுவான்” என்பது முதல் ஆட்சேபம். அப்படியானால் பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போய் 14 கிலோமீட்டர், வெறுங்காலோடு, நடுராத்திரியில் நடந்துவிட்டு வருகிறாரே, அந்தக் கட்டுப்பாடு எங்கிருந்து வந்தது? மறுநாள் கால் வீங்கியிருக்கும், குதிகால் கொப்பளித்திருக்கும், ஆனால் “கிரிவலம் செம போர்” என்ற வார்த்தை அவர் வாயில் வந்ததில்லை. வழியில் அஷ்டலிங்கம் ஒவ்வொன்றாக வருகிறது, முன்னால் போகிற குடும்பம் சம்பந்தி வீட்டுச் சண்டையைச் சத்தமாகப் பேசிக்கொண்டு போகிறது, நடுவில் ஒரு சுக்குக் காபி, வேண்டிக்கொள்ளப் பெண்ணின் கல்யாணம். வேலை என்ற பெயரில் வருகிற உழைப்பும் இப்படித்தான் அலுக்காமல் போய்விடுகிறது. ஜெர்ரி மோரிஸ் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் லண்டன் மாடி பஸ்களில் வேலை பார்த்தவர்களை ஆராய்ந்து 1953-இல் வெளியிட்டபோது, உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு மாரடைப்பு கணிசமாகக் குறைவு என்று தெரியவந்தது. அந்தக் கண்டக்டர்கள் தினமும் நூற்றுக்கணக்கான படிகளை ஏறினார்கள், ஆனால் உடற்பயிற்சி செய்கிறோம் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. (சென்னைக் கண்டக்டர் சீட்டில் உட்கார்ந்தபடி, காசையும் டிக்கெட்டையும் கைமாற்றிக் கைமாற்றிப் பயணிகளுக்கு அந்தப் புண்ணியத்தைத் தாரைவார்த்துவிட்டார்.)

தனியாகச் சும்மா இருப்பதை மனிதனால் எவ்வளவு தாங்க முடியும் என்பதை டிமோதி வில்சன் என்ற அமெரிக்க உளவியலாளரின் குழு சோதித்து 2014-இல் வெளியிட்டது. போன், புத்தகம் எதுவும் இல்லாமல் ஓர் அறையில் 15 நிமிடம் தன் நினைப்போடு இருக்க வேண்டும். வேண்டுமானால் ஒரு பொத்தானை அமுக்கித் தனக்குத்தானே மின் அதிர்ச்சி கொடுத்துக்கொள்ளலாம். இந்த ஷாக்கைத் தவிர்க்கக் கைக்காசு கொடுக்கவும் தயார் என்று முன்பே சொன்னவர்களில், 18 ஆண்களில் 12 பேரும் 24 பெண்களில் 6 பேரும் பொத்தானை அமுக்கினார்கள். அவர்களாவது நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். ஓடும் பட்டையில் மூச்சிரைத்துக்கொண்டு சுவரைப் பார்க்கிறவரைக் கட்டுப்பாடு இல்லாதவர் என்று எந்த வாயால் சொல்வது?

“காதில் பாட்டை மாட்டிக்கொள்ள வேண்டியதுதானே?” நியாயமான கேள்வி. பாட்டு உதவும், மிதமான வேகத்தில் உழைப்பின் சிரமத்தை அது குறைத்துக் காட்டுகிறது என்று காஸ்டாஸ் கராஜியார்கிஸ் என்ற பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர் வருடக்கணக்காகச் சொல்லிவருகிறார். வேகம் ஒரு கட்டத்தைத் தாண்டினால் உடம்பின் களைப்பு பாட்டை அமுக்கிவிடும் என்பதையும் அவரே சொல்கிறார். 2014-இல் வெளியான ஓர் ஆய்வில் கேத்ரின் மில்க்மன் என்ற ஆராய்ச்சியாளரும் சகாக்களும் இன்னொரு தந்திரம் செய்தார்கள்: கீழே வைக்க முடியாத விறுவிறுப்பான கதைகளின் ஒலிப் புத்தகங்களை, ஜிம்முக்கு வந்தால் மட்டுமே கேட்கலாம் என்று பூட்டிவைத்தார்கள். ஆரம்பத்தில் வருகை 51 சதவீதம் கூடியது. நடுவில் ஒரு பண்டிகை விடுமுறை வந்தது, அத்தோடு வேகம் கரைந்துபோனது. அலுப்புக்காரர் இளையராஜாவை வைத்து முயன்றார். டிரெட்மில்லின் அலுப்பு தீரவில்லை. அது ராஜாவுக்கும் தொற்றிக்கொண்டது. இப்போது டீக்கடையில் அந்தப் பாட்டுகள் வந்தால் அவர் கால் தானாக வலிக்கிறது. அந்த ஒரு குற்றத்துக்காகவே டிரெட்மில்லை அவர் மன்னிப்பதாக இல்லை.

பணத்தைக் கட்டினால் பயத்திலாவது போவான் என்பது இன்னொரு யோசனை. அமெரிக்காவில் இரண்டு பொருளாதார அறிஞர்கள் கணக்குப் பார்த்து 2006-இல் வெளியிட்டார்கள்: ஜிம்முக்கு மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் மாதத்துக்கு நாலு தடவை சொச்சம் போனார்கள். ஒரு வருகைக்கு 17 டாலருக்கு மேல் விழுந்தது. பத்து வருகைச் சீட்டு வாங்கியிருந்தால் ஒரு வருகை பத்து டாலரில் முடிந்திருக்கும். அலுப்பை விலை கொடுத்து விரட்ட முடியாது என்பதற்கு மேல் இதில் சொல்ல எதுவுமில்லை.

“பல் துலக்குவதுகூடத்தான் போர், தினமும் செய்யவில்லையா?” என்கிற ஆட்சேபம் கொஞ்சம் கனமானது. ஆனால் பல் துலக்க இரண்டு நிமிடம் போதும். உலக சுகாதார நிறுவனம் கேட்கும் மிதமான உடலுழைப்போ வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம். அதோடு, துலக்காத வாய் அன்று காலையே ஊருக்கு அறிவித்துவிடும். நடக்காத இதயம் அப்படி நாறுவதில்லை. இருபது வருடம் மரியாதையாக இருந்துவிட்டு, ஒருநாள் ராத்திரி ஒரேயடியாகக் கணக்குக் கேட்கும். இவ்வளவு தாமதமாக வருகிற பில்லுக்கு இன்று காலையே பயப்படு என்றால் மனசு கேட்பதில்லை.

விடியற்காலை ஈ.சி.ஆரில் ஒற்றையாக ஓடுகிறவர்கள் இருக்கிறார்களே என்று கேட்கலாம். இருக்கிறார்கள். அவர்களில் சிலர் உண்மையிலேயே தனிமையை விரும்பி ஓடுகிற பிறவிகள்; அவர்கள் விஷயத்தில் என் வாதம் செல்லாது, ஒப்புக்கொள்கிறேன். மற்றவர்களின் மணிக்கட்டைப் பாருங்கள். கடிகாரம் ஓட்டத்தை அளந்து, வரைபடம் போட்டு, ஏழு மணிக்குள் நாலு குழுக்களுக்கு அனுப்பிவிடும். ஓடும்போது தனியாக இருந்தாலும், ஓடி முடித்ததும் பார்வையாளர் கூட்டம் தயார். துணை கூடவே வந்தால் என்ன, பின்னால் வந்தால் என்ன?

ஆகவே அலுப்புக்காரர் கூட்டத்தோடு நடப்பதுதான் வழி. கோவை ரேஸ் கோர்ஸ், மதுரைத் தெப்பக்குளம், மெரினா, எங்கே பார்த்தாலும் ஐந்தாறு பேராகச் சேர்ந்து நடக்கிறார்கள். இதை ஜிம்காரர்கள் கேலி செய்வார்கள்: அரட்டைக்கு நடுவே கொஞ்சம் நடை, முடிந்ததும் ஆளுக்கொரு பொங்கல் வடை. வடையை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் அரட்டையைப் பழிக்கக் கூடாது. மிதமான வேகத்தில் நடக்கிறோமா என்று கண்டுபிடிக்க மருத்துவர்களே சொல்கிற சோதனை, நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது என்பது. அதாவது வம்புதான் அளவுகோல். மாப்பிள்ளை வேலையை விட்ட கதையை ஒருவர் தங்குதடையில்லாமல், ஆனால் ராகம் போட முடியாமல் சொல்லிக்கொண்டு போனால் எல்லாருடைய இதயமும் சரியான வேகத்தில் துடிக்கிறது என்று பொருள். ஒரே ஆபத்து, கதை உச்சக்கட்டத்துக்கு வரும்போது ஆறு பேரும் பாதையின் நடுவில் அப்படியே நின்றுவிடுவார்கள். பின்னால் வருகிறவர்கள் புல்தரையில் இறங்கிச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். “அப்புறம் என்ன ஆச்சு?” என்று யாராவது கேட்டால்தான் கால் நகரும்.

கதையும் தீரும் அல்லவா என்றால், தீரும். 1995-இல் மும்பைப் பூங்கா ஒன்றில் மதன் கட்டாரியா என்ற டாக்டர் ஐந்து பேரோடு சிரிப்பு மன்றம் ஆரம்பித்தபோது, ஆளுக்கொரு ஜோக் சொல்லித்தான் சிரித்தார்கள். சில நாளில் நல்ல ஜோக்குகள் தீர்ந்து, சொல்லக் கூச்சமானவை மட்டுமே மிஞ்சின. பிறகு ஜோக்கே இல்லாமல் சிரிப்பது என்று தீர்மானித்தார்கள். ஜோக் போனாலும் மன்றம் நின்றது, காரணம் பக்கத்தில் ஆள் இருந்தார். அலுப்புக்காரருக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையிருக்கவில்லை; அவர் சேர்ந்த நடைக் குழுவில் இரண்டு கட்சிக்காரர்கள் இருந்ததால் பேச்சுக்குப் பஞ்சமே வரவில்லை. நடையிலிருந்து ஷட்டிலுக்குத் தாவினார், அங்கேயும் எதிரே ஆள் உண்டு, தோற்றால் கிண்டல் உண்டு. ஆறு மாதம் ஒருநாள் தவறாமல் போனார். பிறகு முழங்கால் மக்கர் செய்தது. எலும்பு டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு ஷட்டிலை நிறுத்தச் சொன்னார், முட்டிக்கு நல்லது நீச்சல்தான் என்று எழுதிக் கொடுத்தார். நீச்சலில் முகம் தண்ணீருக்குள் இருக்கும், கண்ணுக்குத் தெரிவது அடித்தளத்து நீல டைல்ஸ் மட்டும். மூச்செடுக்கத் தலையைத் தூக்கிய ஒரு நொடியில் பக்கத்து லேன்காரரிடம் “சாருக்கு எந்த ஏரியா?” என்று கேட்டுப் பார்த்தார், பதில் வருவதற்குள் தலை உள்ளே போய்விட்டது. இப்போது ஆழமில்லாத ஓரத்தில், கம்பியைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் நின்று பேசுகிற நாலு பேரைக் கண்டுபிடித்துச் சேர்ந்துவிட்டார். ஒரு மணி நேரம் அப்படி நின்றால் எத்தனை கலோரி போகும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்.