மேல்வீட்டுத் தரை

கனடாவின் ஸ்காபரோவில் ஒரு வீட்டுத் தரையைப் பற்றி அபிப்பிராயம் சொல்லும் உரிமை, அந்தத் தரைக்குக் கீழே குடியிருப்பவனுக்குக் கிடையாது. வீட்டுக்காரருக்கு அது தரை. மேலே வாடகைக்கு வருகிறவர்களுக்கும் அது தரை. பேஸ்மென்ட்டில் கிடப்பவனுக்கு மட்டுந்தான் அது முகடு. முகட்டைப் பற்றி யார் கேட்கிறார்கள்?

என் பேஸ்மென்ட் அக்காவின் கணவருடையது. அத்தான் மார்க்கம் நகரில் குடியிருந்துகொண்டு இந்த வீட்டை ஆள்கிறார். மேல்வீட்டில் பல குடும்பங்கள் வந்து போயிருந்தன. கார்ப்பெட் மட்டும் போகவில்லை. வறுத்த கறித்தூள், நனைந்த சப்பாத்து, எவருடையதோ ஒரு பூனை என்று மூன்று வாசனைகள் அதில் குடியிருந்தன. மழை நாளில் ஒவ்வொன்றாக வரும். ஹீற்றர் போடத் தொடங்கினால் கூட்டாக வரும். பழைய ஆட்கள் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனதும் அத்தான் நடுவறையில் நின்று மூக்கைச் சுருக்கினார்.

"தம்பி, உதைக் கழட்டி எறிஞ்சுபோட்டு வினைல் பிளாங்க் போடுவம். தண்ணி ஊறாது, கீறல் விழாது, பாத்தால் அசல் மரம்."

"சத்தம், அத்தான்?"

"என்ன சத்தம்?"

அத்தோடு ஆலோசனைக் கூட்டம் முடிந்தது.

அந்தக் கார்ப்பெட்டுக்கும் ஒரு வம்சம் உண்டு. ஜோர்ஜியா மாநிலத்து டால்ட்டனில் 1895 வாக்கில் கேத்தரின் எவன்ஸ் என்ற இளம்பெண் படுக்கை விரிப்பில் நூல்குஞ்சம் வைத்துத் தைக்கத் தொடங்கினாள். அந்தக் கைவேலை மெஷினுக்குப் போய், கட்டிலைவிட்டு இறங்கி, அமெரிக்கக் கண்டத்தின் அறைகளைச் சுவரோடு சுவராக மூடிவிட்டது. வினைலின் கதை வேறு. 1926இல் வால்டோ சீமன் என்ற ரசாயனக்காரர் ரப்பரை உலோகத்தோடு ஒட்டப் பசை தேடினார். பசை கிடைக்கவில்லை, வளைந்து கொடுக்கும் வினைல் கிடைத்தது. 1933 சிக்காகோ உலகக் கண்காட்சியில் அதைத் தரையில் போட்டுக் காட்டியும் விட்டார்கள். காரணகர்த்தாக்கள் இருவர், குனிந்து வேலை செய்ய நான் ஒருவன். அத்தானுக்கு நாரிப்பிடிப்பு. வீடு வாங்கும்போது இருக்காது, வேலை என்று வந்தால் வந்துவிடும்.

கார்ப்பெட்டைக் கழற்றுவது பெரிய காரியமில்லை. மூன்றடி அகலத்தில் கத்தியால் கீறி, பாயைப் போலச் சுருட்டி வெளியே வைத்தால் சரி. அதற்குக் கீழே, நிறநிறமான நுரைத் துண்டுகளை ஒட்டிச் செய்த மெத்தை ஒன்று கிடக்கிறது. அதற்கு ஸ்டேப்பிள் அடித்தவன் ஸ்டேப்பிள் கணக்கில் சம்பளம் வாங்கியிருக்க வேண்டும். இழுத்தால் மெத்தை வந்துவிடும். ஆனால் ஒவ்வொரு ஸ்டேப்பிளும் ஒரு நுரைத் துணுக்கைக் கடித்துக்கொண்டு பலகையிலேயே நிற்கும். குறட்டால் பிடுங்கினால் ஒரு கால் வரும். மற்றக் கால் முறிந்து உள்ளே தங்கும். தங்கியதைச் சுத்தியலால் அடித்து இறக்கவேண்டும். அறை முழுக்க இதே வேலை. அத்தான் கதிரையில் இருந்தபடி, "அங்கை ஒண்டு மினுங்குது" என்று காட்டிக்கொண்டிருந்தார்.

சுவரோரமாக ஓடும் ஆணிப்பட்டியைக் கடப்பாரையால் நெம்பியபோது ஒரு சதக் குற்றிகள் அகப்பட்டன. கனடா 2013இல் விநியோகத்தை நிறுத்திய காசு. அத்தானின் நாரிப்பிடிப்பு அந்த நிமிடத்தில் பறந்தது. குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "பாங்கிலை இன்னும் எடுப்பாங்கள்."

மூடியிருந்தவரைக்கும் அடக்கமாக இருந்த கீழ்ப்பலகை, திறந்ததும் காலுக்குக் கால் முனகியது. 16 அங்குலத்துக்கு ஒன்றாக ஓடும் விட்டங்களைத் தேடித்தேடித் திருகாணி இறக்கினோம். பன்மை மரியாதைக்கு. பிறகு பெட்டியைப் பிரித்து, அதில் வந்த துண்டுக் காகிதத்தை நான் வாசிக்க, அத்தான் அதை மறுத்துக்கொண்டே வந்தார். மேலே 20 மில் காப்புப் படலம் என்று போட்டிருந்ததை அவர் 20 மில்லிமீற்றர் என்றே நம்பிப் பணம் கட்டியிருந்தார். மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மொத்தம் அரை மில்லிமீற்றர்தான் என்றதும் ஒரு பலகையைக் கையிலெடுத்து நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பலகையின் அடியில் நுரை ஒட்டியே வருகிறது, அதன்கீழ் இன்னொரு நுரை போட்டால் மூட்டுகள் ஆடி முறிந்துவிடும் என்று எழுதியிருந்தது. "ரெண்டு மெத்தை போட்டால் ரெட்டிப்பு நல்லம்தானே?" என்றார். உத்தரவாதம் போய்விடும் என்ற வரியை வாசித்துக் காட்டினேன். உத்தரவாதம் என்ற சொல்லுக்கு அத்தான் எப்போதும் கட்டுப்படுவார்.

வினைல் பலகை என்பது மரத்தின் படம். கமரா ஒரு மரத்தை எத்தனை தரம் எடுக்கும்? அதே கணு, அதே வெடிப்பு, கொஞ்சம் தள்ளி மறுபடி அதே கணு. அதனால்தான் நாலைந்து பெட்டியை ஒன்றாகத் திறந்து கலந்து போடச் சொல்கிறார்கள். அப்படியும் சாப்பாட்டறை வாசலில் இரட்டைக் கணுக்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிட்டன. பக்கத்து வீட்டுக்காரர் வந்து தட்டிப் பார்த்து, "என்ன மரம்?" என்றார். "ஓக்" என்றார் அத்தான், கண் இமைக்காமல்.

வேலை முடிந்ததும் விளம்பரம் போனது. முதல் வரியே 'கார்ப்பெட் இல்லை'. கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு தம்பதி, ஒன்றரை வயதுக் குழந்தையோடு குடியேறினார்கள். தங்கமான மனிதர்கள். சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். அதனால் எனக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. கணவர் குதிகாலால் நடப்பவர். இரவில் அவர் தண்ணீர் குடிக்கப் போகிறாரா, குளியலறைக்குப் போகிறாரா என்பதை இருட்டில் படுத்தபடி சொல்லிவிடுவேன். குழந்தைக்கு நடை இன்னும் வரவில்லை, ஓட்டம் வந்துவிட்டது. அந்தப் பெண் காலையில் இஞ்சியையும் பூண்டையும் இடிகல்லில் இடிப்பார். மிக்ஸி இருக்கிறது, ருசி இல்லையாம். அது ஊரிலிருந்து விமானத்தில் ஏறி வந்த கருங்கல். சமையல் மேடை தாங்காது என்று அதைத் தரையில் வைத்துத்தான் இடிப்பார்.

இப்படிக் கீழே இறங்கும் சத்தத்தை அளக்க ஒரு கருவி உண்டு. அரைக் கிலோ நிறையுள்ள ஐந்து உருக்குச் சுத்தியல்கள், 40 மில்லிமீற்றர் உயரத்திலிருந்து, செக்கனுக்குப் பத்துத் தட்டு. மேலே அதை ஓடவிட்டு, கீழறையில் மைக் வைத்து, ஐஐசி என்று ஓர் எண் கொடுப்பார்கள். எண் கூடக்கூடக் கீழே அமைதி. அமெரிக்கக் கட்டட விதி இரண்டு குடியிருப்புகளுக்கு நடுவில் 50 கேட்கிறது. எங்கள் பெட்டியில் 70க்கு மேல் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதன் அடியில் எறும்பெழுத்தில் இன்னொன்றும் இருந்தது: கொங்கிரீற் தளத்தில், கீழே தொங்குகூரை மாட்டிச் சோதித்தது. இந்த வீட்டில் கொங்கிரீற் தளம் இருப்பது ஒரே இடத்தில்தான். அதன்மேல் என் கட்டில் கிடக்கிறது.

நியூயோர்க்கில் வாடகை ஒப்பந்தங்களில் வழக்கமாக ஒரு நிபந்தனை வருமாம்: தரையில் 80 வீதத்தை விரிப்பால் மூடவேண்டும். கார்ப்பெட்டைக் கழற்றுவது, பிறகு நிபந்தனை போட்டுத் தரையை மூடுவது! அத்தானிடம் சொன்னேன். அவர் மேலே போய்ப் பதமாகக் கேட்டார். "கார்ப்பெட் இல்லைன்னுதானேங்கண்ணா இந்த வீட்டையே எடுத்தோம்? பாப்பாவுக்குத் தூசி ஆகாதுங்க" என்றார்கள். மறுநாள் எனக்கென்று ஒரு கிண்ணத்தில் அரிசிம்பருப்புச் சாதம் இறங்கி வந்தது, நெய் விட்டு, சூடாக. அதில் பூண்டின் பங்கு பெரியது. தின்று முடித்தபின் இடிகல்லைப் பற்றி வாயைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை.

போன ஞாயிறு அத்தான் அளவு நாடாவோடு பேஸ்மென்ட்டுக்கு வந்தார். என் முகட்டை அண்ணாந்து பார்த்தார்.

"சீலிங்கைக் கழட்டி, உள்ளுக்குப் பஞ்சு அடைஞ்சு, தகரச் சட்டம் அடிச்சு, அதிலை ரெண்டு தட்டு டிரைவோல் ஏத்தினால் ஒரு சத்தமும் கேளாது. நீ நிக்கிறாய்தானே?"

"நிக்கிறன்."

"முடிஞ்சவுடனை வாடகையையும் ஒருக்கால் பாக்கவேணும் தம்பி. சத்தமில்லாத பேஸ்மென்ட் எண்டால் விலை வேறை."

"2026க்கு ஒன்ராறியோ கூட்ட விட்டது 2.1 வீதம், அத்தான்."

"அது பிறத்தியாருக்கடா" என்றார், நாடாவின் மறுமுனையை என் கையில் தந்துவிட்டு.